அல்லாமா ஷிப்லி நுஃமானி (ரஹ்)

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் திருப்பெயரைக் கேளாத இல்லம் நம்மிடையே இராது. அப்பெருந்தகையின் வரலாற்றை உர்தூவில் ஆய்ந்தெழுதிய அல்லாமா ஷிப்லி நுஃமானி அவர்களை உங்களுள் எத்துணைப் பேர் அறிவீர்கள்?

1857-இல் ஆஸம்கட் மாவட்டத்தில் பிறந்த அன்னார், இமாம் அபூஹனீஃபா நுஃமான் (ரஹ்) அவர்கள்பால் கொண்ட பற்றினாலேயே நுஃமானி எனத் தம்மை அழைத்துக்கொண்டார்கள். 1883 முதல் அலிகர் கல்லூரியில் ஆசிரியப் பணி. ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்களின் வரலாற்றுக்குச் சான்று தேடி 1892-இல் துருக்கி, சிரியா, எகிப்து நாடுகளின் நூலகங்களுக்குப் பயணமானார்கள்.

மேனாட்டுக் கல்வி கற்ற இளைஞர் பலர் ஈமானில் ஐயுற்றுத் தவித்த காலம் அது. அவர்களைக் கடிந்துரைப்பதால் பயனில்லை என்றுணர்ந்த ஷிப்லி அவர்கள், முன்னோரின் வாழ்விலேயே விடை தேடினார்கள். புகழின் உச்சியில் இருந்தபோதே, 1095-இல், பக்தாத் நிஜாமிய்யா கலாசாலைப் பதவியைத் துறந்து வெளியேறிய கஸ்ஸாலி இமாமும் ஐயத்தில் உழன்றவர் அன்றோ! அடுத்து, மௌலானா ரூமி (ரஹ்) அவர்களின் வரலாறு. ஞானக் கவிதையென்றே பலரும் போற்றிய மஸ்னவியை, அகீதாவுக்கு அரண் செய்யும் கலாம் நூலாகவும் எடுத்துக்காட்டினார்கள். துணிவான பார்வைதான்! ஆலிம்கள் அனைவரும் அன்னாரின் முடிவுகளை ஏற்றுக்கொண்டாரல்லர்.

1907-இல் துப்பாக்கி தவறுதலாக வெடித்ததில் ஒரு பாதத்தை இழந்தார்கள். எனினும் எழுதுகோல் ஓயவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வரலாற்றில் தம் இறுதி ஆண்டுகளைச் செலவிட்டார்கள். அது முற்றுப்பெறுமுன், 1914 நவம்பர் 18-இல் மறைந்தார்கள். எஞ்சிய பாகங்களை எழுதி முடித்தவர், அன்னாரின் மாணவர் மௌலானா சையித் சுலைமான் நத்வி அவர்கள்.