விண்வீரர் ஜாக் ஸ்விகெர்ட்

வான வீதியிற் சென்று மீண்டு, நாட்டுச் சபையிலும் இடம்பெற விழைந்தோர் சிலரே. அவருள் ஒருவர் கத்தோலிக்கக் கிறிஸ்தவரான ஜாக் ஸ்விகெர்ட்.

இவர் 1931-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் அமெரிக்காவின் டென்வர் நகரிற் பிறந்தார். இயந்திரக் கலையிற் பட்டம் பெற்று, விமானப் படையிற் பணிபுரிந்து, 1966-இல் விண்வீரராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 புறப்படுந் தறுவாயில், தோழரொருவர்க்கு ஜெர்மன் தட்டம்மை தொற்றியிருக்குமென அஞ்சி, அவரிடத்தில் இவரை அமர்த்தினர். 13-ஆம் நாள், பூமிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டருக்கு அப்பால், பிராணவாயுக் கலம் வெடித்தது. அவ்விபத்தை முதலில் பூமிக்கு அறிவித்தவர் இவரே. குளிரும் தாகமும் வருத்தவும், மூவரும் நிலவைச் சுற்றி மீண்டு, 17-ஆம் நாள் பசிபிக் கடலில் உயிருடன் இறங்கினர்.

1978-இல் செனட் சபைக்கு நிற்க முயன்று, குடியரசுக் கட்சியின் முதனிலைத் தேர்தலிலேயே தோற்றார். தளராது, 1982-இல் கொலராடோவிலிருந்து பிரதிநிதிகள் சபைக்கு நின்றார். அப்போது புற்றுநோய் அவரைப் பற்றியது. அதனை அவர் மறைத்திலர். வாக்காளர்க்கு வெளிப்பட உரைத்தார். அறிந்தே மக்கள் நவம்பரில் அவரைத் தெரிந்தனர். ஆயின், பதவியேற்றற்கு ஏழு நாள் முன்னர், டிசம்பர் 27-ஆம் நாள், தமது 51-ஆம் வயதிற் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

நிலவை அணுகியும் மிதித்திலர். சபைக்குத் தெரியப்பட்டும் அமர்ந்திலர். எனினும், வாக்குப் பெறும்பொருட்டு மெய்யை மறையாத அவர்தம் நேர்மை, நாளை பொதுப்பணி ஏற்கவிருக்கும் மாணவராகிய நாம் கைக்கொள்ளத் தக்கதாகும்.