காட்டில் விடப்பட்டோரைத் தேடிச் சென்றவர்



அட்டனிலும் நுவரெலியாவிலும் தேயிலை மலைகளில் வாழும் நமக்குக் ‘கூலி’ என்பது வலி தரும் சொல். கடல் கடந்து, காட்டுவழி நடந்து வந்த நம் முன்னோரைத் தோட்டத்துப் பேரேடுகள் அந்தப் பெயரால்தான் குறித்தன. அவர்கள் வருவதற்கு ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அதே கோலத்தைத் தாமாகவே விரும்பி ஏற்று இத்தீவுக்கு வந்தார். அவரே புனித யோசப் வாஸ் அடிகளார்.

அவர் 1651 ஏப்ரல் 21 அன்று கோவாவின் பெனவ்லிம் என்னும் ஊரில், அந்தணர் மரபில் வந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். 1676இல் குருவானார். மறு ஆண்டே தம்மை அன்னை மரியாவின் அடிமை என்று எழுதிக் கையொப்பமிட்டார். அவ்வாறு எழுதிக் கொடுத்தவருக்குக் கூலிக் கோலம் கடினமாக இருந்திராது என்றே எண்ணத் தோன்றுகிறது.

அந்நாளில் இலங்கையின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்தனர். இறைமக்கள் குருவின்றித் தவித்தனர். 1687இல் அடிகளார் ஜோன் என்னும் துணைவருடன் தூத்துக்குடியில் கப்பலேறி யாழ்ப்பாணம் சேர்ந்தார். வயிற்றோட்டத்தால் துவண்டு கிடந்த அவருக்குக் கஞ்சி வார்த்து உயிர் காத்தவர் முன்பின் அறியாத ஓர் ஏழைப் பெண். பின்னர் அவர் கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டு நடந்தார். அந்தச் செபமாலையைக் கண்டதும் யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்தே மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை இனங்கண்டார்.

1692இல் கண்டி இராச்சியத்துள் நுழைந்தபோது ஒற்றர் என்று பழிசுமத்தப்பட்டுச் சிறைப்பட்டார். அங்கேயே சிறு குடிசைக் கோவில் எழுப்பிச் செபித்தார், சிங்களமும் கற்றார்.

இனி நான் சொல்லவிருக்கும் நிகழ்ச்சியைச் சற்று நின்று கேளுங்கள். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. நோய் கண்டவர்களை வீட்டார் காட்டில் கொண்டுபோய் விட்டனர். தாயைப் பிள்ளையும், மனைவியைக் கணவனும் கைவிட்ட நாட்கள் அவை. அவர்களைக் கல்நெஞ்சர் என்று நாம் எளிதாகச் சொல்லிவிட முடியாது. 2020ஆம் ஆண்டின் கொரோனாக் காலத்தில் அடுத்த காம்பிராவில் இருமல் கேட்டதும் நாமும் கதவைச் சாத்தினோம் அல்லவா? அச்சம் அத்தனை வலியது.

அடிகளாரோ, தம் உறவினரான யோசப் கர்வாலோ என்னும் குருவானவரோடு, கைவிடப்பட்டவர்களைத் தேடிச் சென்றார். குடிசை அமைத்து அவர்களைக் கிடத்தினார், புண்களைக் கழுவினார், உணவூட்டினார், இறந்தவர்களைத் தம் கையாலேயே அடக்கம் செய்தார். கத்தோலிக்கரா, பௌத்தரா என்று கேட்டுக்கொண்டு அவர் கஞ்சி வார்க்கவில்லை. யாழ்ப்பாணத்தில் தமக்கு ஒருவர் செய்ததையே கண்டிக் காடுகளில் பலருக்குச் செய்தார் எனலாம். ஒற்றர் என்று ஐயுற்ற இரண்டாம் விமலதர்மசூரிய மன்னரும் இதனைக் கண்டு, தம் நாட்டில் அவர் தடையின்றி நடமாட இசைந்தார்.

செபம் வேறு, அயலாரோடு உறவு வேறு என்று நாம் பிரித்துக்கொள்கிறோம். மாலையில் குடும்பச் செபமாலை தவறுவதில்லை. ஆனால் தண்ணீர்க் குழாயடியில் நேர்ந்த ஒரு வாய்ச்சண்டைக்காக ஒரே லயத்து மக்கள் ஆண்டுக்கணக்கில் முகம் பாராமல் இருப்பதுண்டு. நடுவிலிருப்பதோ ஒரே சுவர். அடிகளாரின் நாளில் இந்தப் பிரிவினை இல்லை. பலிபீடத்தில் திருப்பலி ஒப்புக்கொடுத்த அதே கைகள்தாம் நோயாளியின் புண்ணைத் தொட்டன.

1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கொழும்பில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கினார். 2015 ஜனவரி 14 அன்று, தைப்பொங்கலுக்கு முதல் நாள், திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக உயர்த்தினார். பொங்கலை ஒட்டி நாம் உற்றார் வீடுகளுக்குச் சென்று வரும் அதே நாட்களில்தான் அவரது திருநாளும் வருகிறது. 1711 ஜனவரி 16 அன்று கண்டியில் அவர் உயிர்நீத்தார். இத்தீவில் கால் வைத்த பின்னர் 23 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும், பிறந்த கோவாவுக்கு அவர் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.