ஒருவரையொருவர் தாங்குவோம்: புனித சவேரியார் காட்டிய வழி



ஆண்டுதோறும் டிசம்பர் 3 ஆம் நாள் நாம் விழா எடுக்கும் புனித பிரான்சிஸ் சவேரியாரை, ஆயிரக்கணக்கானோருக்குத் திருமுழுக்கு அளித்தவர் என்றே பெரும்பாலும் அறிந்திருக்கிறோம். கிறிஸ்தவ மக்கள் ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. ஒரே குருவானவர் பல மலைக் கிராமங்களுக்குச் சென்று வரவேண்டியுள்ள பழனி மலைப் பகுதியில், அவரது வாழ்வின் இந்தப் பக்கத்தை நாம் சற்றுச் சிந்திப்பது நல்லது.

1506 இல் இன்றைய ஸ்பெயினில் அடங்கிய நவார் நாட்டில், சவேரியார் கோட்டையில் பிறந்தவர் அவர். பாரீசில் உயர்கல்வி கற்றபோது புனித இஞ்ஞாசியாரின் நட்பு அவரை மாற்றியது. 1537 இல் வெனிஸ் நகரில், தீராத நோயாளிகளுக்கான மருத்துவமனையில் தோழர்களோடு சேர்ந்து பணிவிடை செய்தார். அதே ஆண்டில் குருப்பட்டம் பெற்றார். 1542 மே மாதம் கோவா வந்து சேர்ந்தபோதும் முதலில் தங்கியது மருத்துவமனையில்தான்.

அந்த ஆண்டின் இறுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்குள்ள பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்களோடு தங்கி வழிநடத்தக் குருக்கள் இல்லை. கடற்கரை நெடுக ஊர்கள், சவேரியாரோ ஒருவர். நோயாளிகள் இருந்த வீடுகளிலிருந்து ஓயாமல் அழைப்பு வந்தது. எல்லா இடத்துக்கும் அவரால் போக முடியவில்லை.

அதற்கு அவர் கண்ட வழி எளிமையானது. தாம் செபம் கற்றுக்கொடுத்த சிறுவர்களை நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி, விசுவாசப் பிரமாணம் சொல்லி, நோயாளிக்காக மன்றாடினார்கள். நோயாளி தனியாகக் கிடந்த வீடு, ஊரே கூடும் இடமாக மாறியது. ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளையும் நியமித்தார். அவர் இல்லாத நாட்களில் மக்களைக் கூட்டிச் செபம் சொல்லியதும், தேவையானபோது குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்ததும் இவர்களே.

1544 இல் பெரும் சோதனை வந்தது. விசயநகரத்தின் வடுகப் படையினர் கடற்கரை ஊர்களைத் தாக்கினார்கள். கன்னியாகுமரிப் பக்கத்து மக்கள் கடலில் உள்ள பாறைகளில் ஒளிந்து, பசியாலும் தாகத்தாலும் வாடினார்கள். செய்தி கேட்ட சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளோடு புறப்பட்டார். எதிர்க்காற்றில் நாள்கணக்காகப் போராடியும் தோணிகள் குமரியை எட்டவில்லை. பின்னர் தரைவழியாகவே சென்று துன்புற்றவர்களைச் சந்தித்தார். உண்ண ஒன்றுமில்லாதவர்களையும், நடக்க முடியாத முதியவர்களையும், வழியிலேயே பிள்ளை பெற்ற தாய்மாரையும் அங்கே கண்டார்.

அவர் இன்னொன்றும் செய்தார். புன்னைக்காயல் பகுதியில் பணியாற்றிய தம் தோழர் மன்சிலாஸ் வழியாக, ஆபத்து எட்டாத ஊர்களின் பட்டங்கட்டிகளிடம் உதவி திரட்டச் செய்தார். அதில் ஒரு கண்டிப்பும் இருந்தது. ஏழைகளிடம் எதுவும் வாங்கக் கூடாது. வசதி உள்ளவர்களும் மனமுவந்து கொடுத்தால் மட்டுமே பெற வேண்டும். வற்புறுத்தி வாங்கும் பணம் வரியாகிவிடும், அன்பாக இராது என்பதை அவர் அறிந்திருந்தார்.

பின்னர் மலாக்கா, மொலுக்கா தீவுகள், ஜப்பான் என்று அவரது பயணம் நீண்டது. 1552 டிசம்பர் 3 அன்று சீனாவின் வாசலில், சான்சியன் தீவில், காய்ச்சலால் இறந்தார். எத்தனையோ நோயாளிகளுக்கு ஆள் அனுப்பியவர் அவர். அவரது கடைசி நேரத்தில் அருகிலிருந்து கவனித்துக்கொண்டவர் அந்தோனி என்ற சீன இளைஞர். 1622 இல் திருச்சபை சவேரியாரைப் புனிதராக அறிவித்தது.

அவர் சார்ந்த இயேசு சபையினர் 19 ஆம் நூற்றாண்டில் நம் மலைக்கும் வந்தார்கள். சமவெளியின் வெப்பத்தாலும் நோயாலும் தளர்ந்த குருக்கள் உடல் தேற இங்கே இடம் அமைத்தார்கள். 1895 இல் செண்பகனூரில் திருஇருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள். தளர்ந்தவரைத் தாங்கும் எண்ணம் கொடைக்கானல் திருச்சபையின் தொடக்கத்திலேயே இருந்தது.

அன்பானவர்களே, மழைக்காலத்தில் மலைப்பாதை அடைபட்டால் குருவானவர் உடனே வர இயலாது. அடுத்த வீட்டார் வரலாம். நம் அன்பியத்தில் பல வாரங்களாகத் திருப்பலிக்கு வராத முதியவர் யார்? பிள்ளைகள் வெளியூரில் இருக்க, குளிரில் தனித்திருக்கும் தாய் யார்? கூலி வேலை கிடைக்காத குடும்பம் எது? இவற்றைப் பங்குத்தந்தை சொல்லி நாம் தெரிந்துகொள்வதைவிட, நாம் சொல்லி அவர் தெரிந்துகொள்வதே முறை. இந்த ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில், நம் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, ஒரு நோயாளியின் வீட்டுக்குச் சென்று வருவோம். சவேரியார் அன்று அனுப்பியதும் சிறுவர்களைத்தானே!