டிசி ஆங்கிள்

ரேடார்னாலே வாட்சன்-வாட் பெயரைத்தான் எல்லாரும் சொல்வாங்க. அந்த ரேடார் சொல்ற தகவலை வச்சு என்ன பண்றதுன்னு மண்டையைக் குடைஞ்சவர் ஹென்றி டிசார்ட்.

1885-ல் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் பிறந்தார். அப்பா கடற்படை அதிகாரி. மகனுக்குக் கண் பார்வை சரியில்லாததால் கடற்படை கிடைக்கவில்லை, வேதியியல் படித்தார். ஆனா முதல் உலகப் போரில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, சோதனைப் பறப்புகளைத் தானே செய்தார். (கண் டெஸ்டை யார் பாஸ் போட்டாங்களோ!)

1935-ல் பிரிட்டனின் வான் பாதுகாப்புக்கான அறிவியல் குழுவுக்கு அவர்தான் தலைவர். அந்தப் பிப்ரவரியில் டாவென்ட்ரி பக்கத்தில், விமானத்தில் பட்டுத் திரும்பிய ரேடியோ அலை கருவியில் தெரிந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். டிசார்ட்டுக்கு மட்டும் ஒரு கவலை. எதிரி வர்றான்னு தெரிஞ்சா போதுமா? நம்ம விமானம் நடுவானத்துல அவனைப் போய்ப் பிடிக்கணுமே?

1936-ல் பிகின் ஹில் தளத்தில் சோதனை தொடங்கியது. 32-வது ஸ்குவாட்ரனின் காண்ட்லெட் விமானங்கள் துரத்த வேண்டும். ஆனா ரேடார் நிலையங்கள் இன்னும் தயாராகவில்லை. அதனால் 'எதிரி'யாகப் பறந்த விமானத்தின் இடத்தை வேற வழியில் கண்டுபிடித்து, ரேடார் சொன்ன மாதிரி கொடுத்தார்கள். கருவி வருவதற்கு முன்பே அதை வைத்து ஒத்திகை!

சிக்கல் கணக்கில் வந்தது. எந்தத் திசையில் பறக்கணும்னு போட்டு முடிப்பதற்குள் எதிரி திரும்பிவிடுவான். டிசார்ட் சொன்ன வழி நம்ம ஸ்கூல் ஜியாமெட்ரிதான். இரண்டு விமானங்களையும் ஒரு கோட்டால் இணை. எதிரியின் பாதை அந்தக் கோட்டோடு என்ன கோணத்தில் இருக்கோ, அதே கோணத்தில் இந்தப் பக்கமிருந்து நம்ம ஆளை அனுப்பு. ஐசோசெலிஸ் முக்கோணம். வேகம் சமமா இருந்தா உச்சியில் சந்திப்பார்கள், நம்ம ஆள் வேகமா போனா முன்னாடியே போய்க் காத்திருப்பார். எதிரி திரும்பினால் புதுக் கோடு, புதுக் கோணம். பழகியவர்கள் கண்ணாலேயே மதிப்பிட்டார்கள். விமானப்படையில் அதற்கு 'டிசி ஆங்கிள்'னு பெயரே வந்தது.

லிண்டெமன் அவருடைய பெர்லின் கால நண்பர். குழுவுக்குள் வந்த சண்டையில் அந்த நட்பு உடைந்தது. 1940-ல் சர்ச்சில் பிரதமரானதும் லிண்டெமன் கைதான் ஓங்கியது. ஜூனில் டிசார்ட் ராஜினாமா செய்தார்.

அடுத்த மாதமே ஜெர்மன் விமானங்கள் அலை அலையாக வந்தன. அதே 32-வது ஸ்குவாட்ரன், இப்போ ஹரிகேன் விமானங்களில், அதே பிகின் ஹில்லிலிருந்து கிளம்பியது. தரையில் இருந்தவர்கள் அவருடைய கோணத்தை வைத்துத்தான் திசை சொன்னார்கள். அவருக்கு அங்கே பதவி எதுவும் இல்லை.