கம்பியில்லாத் தந்தியும் ஜகதீச சந்திர போஸும்

செய்தி செல்லக் கம்பி வேண்டும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. கரையைக் கடந்த கப்பலுக்குக் கம்பி ஏது? அக்குறையைத் தீர்க்க வந்ததே கம்பியில்லாத் தந்தி. மின்பொறியால் எழும், கண்ணுக்குப் புலனாகாத அலைகளே அதில் தூது செல்கின்றன. 1912-ஆம் ஆண்டு டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது, அதன் அபயச் செய்தியை இவ்வாறு பெற்று விரைந்து வந்த மற்றொரு கப்பல் சுமார் 700 பேரைக் காத்தது. இவ்வரிய சாதனத்தின் வரலாற்றில் மார்க்கோனியோடு நாம் சேர்த்து நினைக்க வேண்டியவர் ஜகதீச சந்திர போஸ்.

1858 நவம்பர் 30-ஆம் நாள், இன்று வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் அவர் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திரர் அரசாங்க உத்தியோகஸ்தர். அத்தகையோர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிய அந்நாளில், அவர் தம் மைந்தரை முதலில் தாய்மொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். பின்னர் கல்கத்தாவிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்ற போஸ், 1885-இல் கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியரானார். இந்தியருக்கு வெள்ளையரினும் குறைந்த சம்பளமே என்ற முறை அவர் நெஞ்சைச் சுட்டது. மூன்றாண்டுகள் சம்பளத்தைத் தொடாமலே பாடம் போதித்தார். முடிவில் அரசாங்கம் இணங்கி, முழுச் சம்பளத்தையும் பாக்கியோடு அளித்தது.

தக்க ஆராய்ச்சிக்கூடம் அவருக்கு வாய்க்கவில்லை. உள்ளூர்த் தகர வேலைக்காரர் ஒருவரைப் பழக்கிக் கருவிகள் செய்வித்தார். ஜெர்மானியரான ஹெர்ட்ஸ் மெய்ப்பித்துக் காட்டிய மின்காந்த அலைகளைச் சில மில்லிமீட்டர் நீளமே உள்ளனவாக எழுப்பி ஆராய்ந்தார். 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் அவர் எழுப்பிய அலைகள் சுவரை ஊடுருவிச் சென்று, அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தன. வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தன.

அலையை எழுப்புவதினும் அதை உணர்வது அரிது. அதற்கென இரும்பும் பாதரசமும் கொண்ட கருவி ஒன்றை அவர் 1899-இல் லண்டன் ராயல் சங்கத்துக்கு விவரித்தார். 1901 டிசம்பரில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த செய்தியைப் பெற மார்க்கோனி கையாண்டதும் அவ்வகைக் கருவியே எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர்.

ஆயினும் நாம் நடுநிலை தவறலாகாது. கம்பியில்லாத் தந்தியைக் கடல் கடக்கச் செய்து, உலக வழக்கில் கொணர்ந்த பெருமை மார்க்கோனியையே சாரும். போஸ் தம் கண்டுபிடிப்பை விலைப்பொருளாக்க விரும்பாதவர். நண்பர்களின் வற்புறுத்தலால் 1904-இல் அமெரிக்காவில் உரிமைப் பத்திரம் பெற்றும், அதனால் ஊதியம் தேடவில்லை. பின்னர்ச் செடிகொடிகளின் உணர்ச்சியை ஆராய்வதில் ஈடுபட்டார். 1917-இல் கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1937 நவம்பர் 23-ஆம் நாள் கிரிதியில் மறைந்தார்.

அவர் அன்று ஆராய்ந்த மில்லிமீட்டர் அலைகள் இன்று வானியலுக்கும் புதுவகைக் கைப்பேசிகளுக்கும் பயன்படுகின்றன. ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நமக்கு, உற்றார் குரல் கம்பியின்றி வந்து சேரும் அருமை நன்கு தெரியும். அவ்வருமைக்கு வழிகோலியவர்களுள், விலை கேளாது கொடுத்த இப்பெரியாரையும் நம் குழந்தைகளுக்கு அறிமுகம் செய்வோமாக.