கோஷா ஆஸ்பத்திரியைத் தந்த மேரி ஷார்லீப்

சென்னை திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டால் சிலர் யோசிப்பார்கள். கோஷா ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டால் உடனே வழி காட்டிவிடுவார்கள்.

அது என்ன கோஷா?

ஆண்கள் கண்ணில் படாமல், திரைக்குப் பின்னால் வாழும் வழக்கத்துக்கு கோஷா என்று பெயர். அந்த முறைப்படி வாழ்ந்த பெண்களுக்காகவே ஒரு ஆஸ்பத்திரி ஏற்பட்டது. அதை ஏற்படுத்தியவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. அவர் பெயர் மேரி ஷார்லீப்.

அவர் டாக்டராகச் சென்னைக்கு வரவில்லை. ஒரு வக்கீலின் மனைவியாக வந்தார். மூன்று குழந்தைகளுக்குத் தாயான பிறகுதான் மருத்துவம் படிக்கப் போனார்!

தாயற்ற குழந்தை

மேரி 1845-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். அவர் பிறந்த சில நாட்களிலேயே தாய் இறந்துவிட்டாள். தாய்முகம் அறியாத குழந்தையை, தாத்தாவும் பாட்டியும் வளர்த்தார்கள். பக்தி மிகுந்த குடும்பம். கட்டுப்பாடும் அதிகம்.

பிரசவத்தை அடுத்துத் தாய் இறப்பது அந்தக் காலத்தில் எல்லா நாட்டிலும் நடந்ததுதான். லண்டன் என்றும் பார்க்காது; சென்னை என்றும் பார்க்காது.

மேரிக்கு 20 வயதானபோது வில்லியம் ஷார்லீப் என்ற வக்கீல் அவரை மணந்துகொண்டார். சென்னையில் தொழில் நடத்த வேண்டும் என்பது அவர் திட்டம். 1866-ல் தம்பதிகள் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். சூயஸ் கால்வாய் அப்போது திறக்கப்படவில்லை.

சென்னையில் மேரிக்கு எந்தக் குறையும் இல்லை. பங்களா இருந்தது. வேலைக்காரர்கள் இருந்தார்கள். கணவர் நடத்திய சட்டப் பத்திரிகை வேலையில் உதவி செய்தார். குழந்தைகள் பிறந்தன. மற்ற வெள்ளைக்காரச் சீமாட்டிகளைப் போல விருந்து, விளையாட்டு என்று அவர் பொழுதைக் கழித்திருக்கலாம்.

காதில் விழுந்த செய்தி

கணவரின் தொழில் காரணமாகப் பல இந்தியர்களோடு பழக்கம் ஏற்பட்டது. அவர்கள் மூலம் மேரியின் காதில் ஒரு செய்தி அடிக்கடி விழுந்தது. இந்த வீட்டில் பிரசவத்தில் மருமகள் போய்விட்டாள், அந்த வீட்டில் மகள் போய்விட்டாள் என்ற செய்திதான் அது.

ஊரில் டாக்டர்கள் இல்லையா? இருந்தார்கள். பிரசவ ஆஸ்பத்திரியும் இருந்தது. ஆனால் டாக்டர்கள் எல்லோரும் ஆண்கள். கோஷாப் பெண்கள் ஆண் டாக்டரின் முன்னால் வரமாட்டார்கள். மிகவும் அவசரம் என்றால் திரைக்கு அப்பாலிருந்து கையை மட்டும் நீட்டுவார்கள். டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்ப்பார். பிள்ளை குறுக்கே நின்று தாய் துடிக்கும்போது நாடியைப் பார்த்து என்ன செய்ய முடியும்?

திரை போடாத உயர்ஜாதி இந்துக் குடும்பங்களிலும் நிலைமை இதுதான். ஆண் தொட்டு வைத்தியம் செய்வதா என்று மறுத்துவிடுவார்கள். வீட்டுக்கு மருத்துவச்சி வருவாள். அவளுக்குத் தெரிந்ததைச் செய்வாள். சிக்கல் இல்லாத பிரசவம் என்றால் தாயும் சேயும் பிழைப்பார்கள். சிக்கல் என்றால் கடவுள் விட்ட வழி.

இதைப் பிடிவாதம் என்று சொல்லி ஒதுக்குவது சுலபம். மேரி அப்படி ஒதுக்கவில்லை. ஒரு பெண் தன் உடம்பை அந்நிய ஆணிடம் காட்டக் கூசுகிறாள் என்றால், அந்தக் கூச்சத்துக்கு அவள் உயிரை விலையாகக் கேட்கக்கூடாது என்று அவர் நினைத்தார். அவளை மாற்றிவிட்டு வைத்தியம் செய்ய 50 வருடம் ஆகலாம். பெண் டாக்டரைக் கொண்டுவர அவ்வளவு காலம் வேண்டாம்.

பெண் டாக்டருக்கு எங்கே போவது? யாரும் இல்லை. ஆகவே தாமே படிப்பது என்று முடிவு செய்தார். கணவர் குறுக்கே நிற்கவில்லை.

கதவைத் திறந்த ஆண்

முதலில் அரசாங்கப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டார். போகப்போக அது போதாது என்று தெரிந்தது. பெண்ணாக இருந்தால் மட்டும் போதுமா? மருத்துவச்சியும் பெண்தானே! பெண்ணின் கையில் முழுப் படிப்பும் இருக்க வேண்டும்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் அதுவரை பெண்கள் படித்ததில்லை. சென்னை மாகாண மருத்துவத் துறைக்குத் தலைவராக இருந்தவர் எட்வர்டு பால்ஃபர். எழும்பூர் மியூசியத்தை உருவாக்கியவரும் இவரே. பெண்களுக்கும் மருத்துவம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று இவர் வாதாடினார். அரசாங்கம் சம்மதித்தது. பெண் டாக்டர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவர் ஒரு ஆண் டாக்டர்!

1875-ல் நான்கு பெண்கள் கல்லூரியில் சேர்ந்தார்கள். அவர்களில் மேரியும் ஒருவர். அவருக்கு வயது 30.

அந்த ஆண்டில் லண்டனில் என்ன நிலைமை தெரியுமா? பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அங்கே 1874-ல்தான் ஆரம்பமாகி இருந்தது. அதில் படித்த பெண்களுக்கு ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்க 1877 வரை லண்டனில் யாரும் இடம் தரவில்லை. லண்டனில் கிடைக்காதது சென்னையில் கிடைத்தது. சென்னைக்காரர்கள் பெருமைப்படலாம்.

மூன்று ஆண்டுப் படிப்பு. வீட்டில் மூன்று குழந்தைகள். சென்னை வெயில் வேறு. 1878-ல் மேரி தேர்ச்சி பெற்றார்.

லண்டனில் தங்கப் பதக்கம்

அத்தோடு நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பெண்களுக்கு இவ்வளவு படிப்புப் போதும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். மேரிக்கு அந்தப் பேச்சுப் பிடிக்காது. பெண் டாக்டர் என்றால் அரைகுறை டாக்டர் என்று ஆகிவிடக் கூடாது. அப்படி ஆனால் திரைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு இரண்டாந்தர வைத்தியம்தான் கிடைக்கும்.

குழந்தைகளுடன் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். கணவர் சென்னையில் தொழிலைக் கவனித்தார். லண்டன் சர்வகலாசாலை அந்த ஆண்டில்தான் பெண்களுக்கும் பட்டம் தர முன்வந்தது. 1882-ல் அங்கே மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்கள் இருவர். ஒருவர் மேரி ஷார்லீப். மற்றவர் ஈடித் ஷோவ். பிரசவ மருத்துவத்தில் மேரிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதன்பிறகு வியன்னா நகருக்கும் போய்ப் பயிற்சி பெற்றார்.

ஊர் திரும்புமுன் விக்டோரியா ராணியைச் சந்திக்கும் வாய்ப்பு வந்தது. பெண்கள் மருத்துவம் படிப்பது ராணிக்கு அடியோடு பிடிக்காது. ஆனால் இந்தியப் பெண்கள் டாக்டர் இல்லாமல் சாகிறார்கள் என்று மேரி விவரித்தபோது ராணியின் மனம் இளகியது. ராணியும் பல பிள்ளைகளைப் பெற்றவர் அல்லவா?

விக்டோரியா ஆஸ்பத்திரி

1883-ல் மேரி சென்னைக்குத் திரும்பினார். தாம் படித்த கல்லூரியிலேயே பிரசவ மருத்துவம் சொல்லிக் கொடுத்தார். முன்பு திரை விலகாத வீடுகளில் அவருக்காகத் திரை விலகியது.

ஆனால் எத்தனை வீட்டுக்கு ஒருவர் போக முடியும்? ஒரு ஆஸ்பத்திரி தேவைப்பட்டது. கவர்னர் கிராண்ட் டஃபின் மனைவியும் ஆதரவு தந்தார். 1885-ல் நுங்கம்பாக்கத்தில் ஒரு பங்களாவில் ஆஸ்பத்திரி ஆரம்பமாயிற்று. ஜாதி இந்துப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா ஆஸ்பத்திரி என்று பெயர். பெண்களுக்குப் பெண்களே வைத்தியம் பார்த்தார்கள்.

ஜாதியைப் பெயரிலேயே எழுதி வைத்த ஆஸ்பத்திரி என்பது இன்று காதுக்கு நாராசமாக இருக்கிறது. ஏழைப் பெண்கள் ஏற்கெனவே பொது ஆஸ்பத்திரிக்குப் போய் ஆண் டாக்டரிடம் வைத்தியம் செய்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்கு மட்டும் கூச்சம் இருந்திருக்காதா? அதைக் கேட்பார் இல்லை. மேரி, வீட்டை விட்டு வெளியே வரவே மறுத்தவர்களை வரவழைக்கப் பார்த்தார். அவர்களுடைய நிபந்தனையை ஏற்றுக்கொண்டுதான் அழைக்க முடிந்தது.

பெண்கள் வந்தார்கள். இடம் போதவில்லை. சேப்பாக்கத்தில் புதுக் கட்டிடம் எழுந்தது. வேங்கடகிரி ராஜா ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார். அந்தக் காலத்து ஒரு லட்சம்! 1890-ல் ஆஸ்பத்திரி அங்கே மாறியது.

அந்தக் கட்டிடத்தில் வேலை பார்க்க மேரி சென்னையில் இல்லை. உடல்நலம் கெட்டு 1887-ல் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்.

கத்தி பிடித்த கை

லண்டனில் பெண்கள் நடத்திய ஆஸ்பத்திரியில் அவர் அறுவை டாக்டர் ஆனார். மருந்து கொடுக்கப் பெண் போதும், வயிற்றைக் கிழித்து ஆபரேஷன் செய்ய ஆண்தான் வேண்டும் என்று பலர் நினைத்த காலம் அது. மேரி வயிற்று ஆபரேஷனிலேயே பெயர் எடுத்தார். 1888-ல் லண்டன் சர்வகலாசாலையின் எம்.டி. பட்டம் பெற்றார். அந்தப் பட்டத்தை அங்கே பெற்ற முதல் பெண் அவர்தான். 1902-ல் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் பெண்கள் நோய் மருத்துவராக நியமனம் ஆனார். அது ஆண் டாக்டர்கள் நிறைந்த பொது ஆஸ்பத்திரி.

கோஷா வழக்கம் இல்லாத லண்டனிலும் பெண்கள் பெண் டாக்டரைத் தேடித்தான் வந்தார்கள். வந்தவர்கள் குணமடைந்து போனதற்குக் காரணம், அந்தப் பெண் டாக்டர் கற்றிருந்த தொழில்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் 1907-ல் புதுக்கோட்டையிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தார். 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். அவர்தான் முத்துலட்சுமி ரெட்டி.

இந்தியாவுக்குப் பெண் டாக்டர்களை அனுப்பும் வேலையில் மேரி கடைசிவரை அக்கறை காட்டினார். 1920-ல் லண்டனில் மாஜிஸ்திரேட் ஆனார். 1924-ல் தமது நினைவுகளைப் புத்தகமாக எழுதினார். 1926-ல் அரசாங்கம் டேம் என்ற பட்டம் கொடுத்து அவரைக் கௌரவித்தது.

1930 நவம்பரில் லண்டனில் மேரி ஷார்லீப் காலமானார். அப்போது அவருக்கு வயது 85.