புத்தகம் வந்தபோது அவர் இல்லை: குழந்தைகளைச் சிரிக்க வைத்த சுகுமார் ரேயின் கதை

பாதி வாத்து, பாதி முள்ளம்பன்றி. இப்படி ஒரு படத்தை மூணு வயசுக் குழந்தையிடம் காட்டிப் பாருங்கள், விழுந்து விழுந்து சிரிக்கும். நூறு வருஷத்துக்கு முன்பே இதை வரைந்தவர் சுகுமார் ரே. இயக்குநர் சத்யஜித் ரேயின் அப்பா என்றால் நமக்குச் சட்டென்று புரியும். வங்காள வீடுகளில் அந்த அறிமுகமே தேவையில்லை.

யார் இவர்?

1887-ல் பிறந்தார். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் படித்தார். அப்பா உபேந்திரகிஷோர் எழுத்தாளர், ஓவியர். சொந்தமாக அச்சகமும் நடத்தினார். படங்களை அச்சிடும் தொழில்நுட்பத்தைக் கற்க 1911-ல் இங்கிலாந்து போன சுகுமார், 1913-ல் ஊர் திரும்பினார். அதே ஆண்டில்தான் அப்பா ‘சந்தேஷ்’ என்ற சிறுவர் இதழைத் தொடங்கினார். வங்காளியில் அந்தச் சொல்லுக்குச் செய்தி, இனிப்பு என இரண்டு அர்த்தம். 1915-ல் அப்பா இறந்தார். இதழின் பொறுப்பு மகன் தோளுக்கு வந்தது.

குழந்தைகள் ஏன் சிரிக்கிறார்கள்?

சுகுமாரின் ஃபார்முலா ரொம்ப சிம்பிள். இரண்டு மிருகங்களின் பெயரை ஒட்டுவார், உடம்பையும் ஒட்டுவார். தமிழில் ‘வாத்தம்பன்றி’ன்னு சொல்ற மாதிரி. கொக்கும் ஆமையும் சேரும், யானையும் திமிங்கிலமும் சேரும். ஆனால் நிஜ மிருகத்தைப் போலவே சீரியஸாக வரைந்திருப்பார். இன்னொரு கதையில் ஒரு சிறுவனின் கைக்குட்டை திடீரென்று பூனையாகிவிடும்.

வாத்துக்கு முள் கிடையாது என்பது குழந்தைக்குத் தெரியும். பெரியவர் போட்ட படத்திலேயே ‘தப்பு’ கண்டுபிடித்துவிட்டோம் என்ற குஷிதான் அந்தச் சிரிப்பு. எப்போதும் திருத்தப்படுகிற குழந்தை, இங்கே திருத்துகிற இடத்துக்கு வந்துவிடுகிறது. இந்த விளையாட்டுக்கு எழுத்து மட்டும் போதாது, படமும் வேண்டும். எழுதவும் வரையவும் அச்சடிக்கவும் தெரிந்த ஒருவருக்கு அது கைவந்த கலையானது.

கடைசிப் புத்தகம்

1921-ல் மகன் சத்யஜித் பிறந்தார். அதே ஆண்டு சுகுமாரைக் காலா அசார் எனும் கருங்காய்ச்சல் தாக்கியது. நல்ல மருந்து பரவலாகக் கிடைக்காத காலம். படுக்கையில் இருந்தபடியே எழுதினார், வரைந்தார். ‘ஆபோல் தாபோல்’ என்ற தன் வேடிக்கைப் பாடல் தொகுப்பையும் தயார் செய்தார். நாட்கள் எண்ணப்படுகிற நிலையிலும் பக்கங்களில் சிரிப்பு குறையவில்லை.

1923 செப்டம்பர் 10 அன்று, 35 வயதில் இறந்தார். ஒன்பது நாள் கழித்துப் புத்தகம் வந்தது.

அதன் பிறகு?

சில ஆண்டுகளில் அச்சகமும் குடும்பத்தின் கையை விட்டுப் போனது. அப்பா இறந்தபோது சத்யஜித்துக்கு இரண்டே வயசு. வளர்ந்து உலகப் புகழ் பெற்ற பிறகு, 1961-ல் நின்றுபோயிருந்த ‘சந்தேஷ்’ இதழை மீண்டும் தொடங்கி, அதில் தானும் எழுதினார், வரைந்தார். 1987-ல் அப்பாவைப் பற்றி ஆவணப்படமும் எடுத்தார்.

‘ஆபோல் தாபோல்’ 2023-ல் நூறு வயதைத் தொட்டது. அந்த வாத்தம்பன்றியைப் பார்த்து வங்காளக் குழந்தைகள் இன்னும் சிரிக்கிறார்கள்.